எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்

மனிதர்களில் கலவை டாக்டர் என்று ஒரு ரகம் உண்டு. தோல் வைத்தியம் பார்க்கிறவர்கள் மத்தியில்தான் இந்த ரகம் செழித்து வளரும். எலும்பு டாக்டருக்கு மாவுக்கட்டைத் தாண்டிக் கற்பனைக்கு இடமில்லை. பல் டாக்டர் ஒன்று அடைப்பார், இல்லையென்றால் பிடுங்குவார். தோல் டாக்டருக்கு மட்டும் உலகத்தில் உள்ள எண்ணெய், கொழுப்பு, பொடி, தைலம், அமிலம், மெழுகு அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எதையும் எதோடும் குழைக்கலாம். குழைத்ததை எங்கேயும் பூசலாம். இப்படி ஒரு சுதந்திரத்தைக் கையில் கொடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்?

அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தடிப்போடு நீங்கள் அவரிடம் போகிறீர்கள். அவர் உடனே தடிப்பைப் பார்க்கமாட்டார். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, ஊதி, துடைத்து, அந்தக் கண்ணாடியையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, அப்புறம் சுவர்ப் பக்கம் திருப்பி, விரலால் ஒரு முறை தடவி, நீளமாக ஒரு "ம்ம்ம்" சொல்வார். அந்த "ம்ம்ம்" முடிவதற்குள் நீங்கள் உங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் வரைக்கும் யோசித்துவிடுவீர்கள்.

"இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" என்பார்.

நீங்கள் ஏதோ ஒரு டியூபின் பெயரைச் சொல்வீர்கள். மருந்துக்கடையில் வாங்கியது என்பீர்கள். அவர் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். நீங்கள் அடுத்தவர் பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துப் பல் துலக்கியதாகச் சொன்னதுபோல் பார்ப்பார்.

"அது எல்லாருக்குமா சேத்து செய்யற மருந்து. நீங்க எல்லாரும் இல்லையே."

இந்த ஒரு வாக்கியத்தில் விழாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பெற்ற தாய்கூட நம்மை இப்படித் தனியாகப் பிரித்துச் சொன்னதில்லை. உருகிப்போய் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவீர்கள். அவர் பேனாவைத் திறப்பார்.

பிறகு அவர் எழுதும் அழகைப் பார்க்கவேண்டும். சாலிசிலிக் அமிலம் கொஞ்சம், துத்தநாகப் பொடி அதைவிடக் கொஞ்சம் கூட, யூரியா, தார், மென்தால், கற்பூரம், கம்பளி ஆட்டின் கொழுப்பு, தேன்மெழுகு, இவையெல்லாம் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்க ஒரு பசை, அந்தப் பசை கெட்டுப்போகாமல் இருக்க இன்னொன்று, கடைசியில், பேனாவை மூடப்போனவர் மறுபடி திறந்து, வாசனைக்கு லாவண்டர் தைலம். சீட்டின் அடியில் கையெழுத்துக்கு இடம் இருக்காது. ஓரத்தில் செங்குத்தாகப் போடுவார்.

"கீழேருந்து மேல தடவணும். மேலேருந்து கீழ வந்தா பலன் இல்ல."

"எரியுமா டாக்டர்?"

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"எரியலன்னா?"

"உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

இந்தச் சித்தாந்தத்தைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. தோல் உரிந்தால் பழைய தோல் போகிறது. சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. அரித்தால் ஆறுகிறது. நோயாளி திரும்பி வந்தால் நம்பிக்கை வைத்திருக்கிறார், வராவிட்டால் குணமாகிவிட்டார்.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? சொல்லத்தான் போகிறேன். ஜன்னல் பக்கம் உங்கள் கையைத் திருப்பிய அந்த டாக்டர் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை உள்பக்கத்திலிருந்து பார்த்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அடக்கம் எனக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் தாங்காது. என் பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டம் பெரிய எழுத்தில் இருக்கும். பட்டமளிப்பு விழாவில் எடுத்த புகைப்படம் வீட்டுக் கூடத்தில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று, கிராமத்தில் அப்பாவின் சட்டைப்பையில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் கேட்காமலேயே, "என் மகன் கடையில விக்கற மருந்தெல்லாம் எழுதமாட்டான். அவனே யோசிச்சு எழுதுவான்" என்று சொல்லிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒற்றை வரியில் ஒரு டியூபின் பெயரை எழுதுவேன்? ஒற்றை வரி எழுதுவதற்கா வயலையும் வரப்பையும் விட்டுவிட்டு விடுதிச் சோறு தின்றேன்? ஒவ்வொரு பாட்டில் அமிலத்தையும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். மனப்பாடம் செய்த அனைத்தையும் யாராவது ஒருவர் தோலில் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை தப்பா?

என் கலவைகளை உருவாக்கித் தருபவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு தட்டைக் கத்தி, சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்கள், இதுதான் அவர் தொழிற்சாலை. என் சீட்டைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். மற்ற டாக்டர்களின் சீட்டுக்கு அலமாரியில் கை நீளும், என் சீட்டுக்கு மட்டும் ஸ்டூல் போட்டு மேல் தட்டில் ஏறவேண்டும்.

"ஏதாச்சும் விட்டுப்போச்சா பாத்துக்கங்க டாக்டர். ஜன்னல்ல கொஞ்சம் தூசி இருக்கு, அதையும் போடலாம்" என்பார்.

பொறாமை. வேறென்ன?

இப்போது அக்கா வருகிறாள்.

அக்கா என்னைவிட மூத்தவள். நான் படித்தே தீரவேண்டும் என்று வீட்டில் முதலில் வாய் திறந்தவள். நகரத்தில் ஒரு நகைக்கடையில் மோதிரப் பிரிவில் நிற்கிறாள். மோதிரத்தைத் தட்டில் வைத்துக் காட்டுவது அவள் வழக்கம் இல்லை. தன் விரலில் போட்டு, கையை லேசாக ஒரு திருப்புத் திருப்புவாள். வாங்க வந்தவர்கள் மோதிரத்தைப் பார்த்து வாங்கினார்களா, அந்தத் திருப்பலைப் பார்த்து வாங்கினார்களா என்பது முதலாளிக்கே சந்தேகம். அதனால்தான் புதிய கிளை திறக்கப்போகும்போது, வாசலுக்கு நேரே இருக்கும் முன்வரிசை அவளுக்கு என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். முன்வரிசையில் நிற்பவள்தான் அந்தத் தளத்துக்கே பொறுப்பு. அக்கா அதற்காகக் காத்திருந்த காலம் நான் டாக்டருக்குப் படித்த காலத்துக்குச் சமம்.

நான் கிளினிக் திறந்த புதிதில் அவள் கையில் லேசாக ஒரு வறட்சி. காட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். ஜன்னல் பக்கம் திருப்பினேன். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதல் டப்பா வீட்டுக்கு வந்த நாள் வீடே விழாக்கோலம். அம்மா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, "படிச்சவன் மருந்து, வாசனையே வேற மாதிரி இருக்கு" என்றாள். அக்கா கீழேயிருந்து மேலே தடவினாள். கை சிவந்தது. எனக்கு மகிழ்ச்சி. ரத்தம் ஓடுகிறதல்லவா? அடுத்த டப்பாவில் தார் சேர்த்தேன். கை எரிந்தது. எனக்கு இன்னும் மகிழ்ச்சி. அதற்கடுத்த டப்பாவில், எரிச்சல் அடங்க மென்தால், மென்தாலின் குளிர்ச்சியை மட்டுப்படுத்தக் கற்பூரம், இரண்டின் நெடியையும் மறைக்க லாவண்டர் இருமடங்கு. அக்கா கடைக்குள் நுழைவதற்கு முன்பே அவள் வருகிறாள் என்று கடைக்குத் தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. படித்தவனுக்குச் சந்தேகம் நோயின் மேல்தான் வரும், மருந்தின் மேல் வராது. இந்த நோய் பிடிவாதக்கார நோய் என்று முடிவுகட்டினேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அக்காவின் தோலுக்கு அது வராமல் போகுமா என்றுகூட அவளிடமே கேலி பேசினேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையைச் சொறிந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே செய்தியைச் சொன்னாள். மோதிரம் காட்டும்போது வாங்க வருகிறவர்கள் மோதிரத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறார்களாம். ஒரு பெண்மணி, அக்கா விரலில் போட்டுக் காட்டிய மோதிரத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். இப்போதைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு வெல்வெட் ஒட்டச் சொல்லியிருக்கிறாராம். திறப்பு விழாவுக்குள் கை சரியாகிவிட்டால் முன்வரிசை அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாராம்.

"எப்படா சரியாகும்?" என்று கேட்டாள்.

நல்ல டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான், "இன்னும் ஒண்ணு சேக்கணும்" என்றேன்.

அம்மாவுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தீர்ந்துபோகாத பழைய டப்பாக்களை வீணாக்க மனமில்லாமல் அவள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தாளாம். "பின்பக்கத்துக் கதவு கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சுல்ல? உன் மருந்தைத்தான் தடவினேன். ஒரே தடவைதான். அப்புறம் சத்தமே இல்ல" என்றாள் பெருமையோடு.

என் மருந்தால் குணமான முதல் நோயாளி அந்தக் கதவு. கீலில் துருவும் போயிருந்தது. பிறகு பார்த்தேன், கீலைச் சுற்றியிருந்த பெயின்ட்டும் போயிருந்தது.

இதைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைத்தது, ஆனால் வேறு திசையில். அக்காவின் கண்ணில் அன்றைக்கு லேசாக ஒரு தயக்கம் தெரிந்ததை நான் கவனித்திருந்தேன். டப்பாவை எடுத்தவள், திறக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். என் சீட்டையா சந்தேகப்படுகிறாள்? மேடைப் பேச்சாளன்போல் நடுக்கூடத்தில் நின்று, சட்டைக் கையை மடித்து, டப்பாவில் இருந்ததை அள்ளி என் இரண்டு கையிலும் கீழேயிருந்து மேலே தடவிக்கொண்டேன். பட்டமளிப்பு விழாப் புகைப்படம் சுவரிலிருந்து பார்த்துச் சிரித்தது.

"பாரு. எனக்கு ஏதாச்சும் ஆகுதா?"

ஆகவில்லை. அன்றைக்கு ஆகவில்லை. வீம்புக்கு மறுநாளும் தடவினேன். அதற்கு மறுநாளும் தடவினேன். வாரம் முடிவதற்குள் என் கைகளும் அக்காவின் கைகளும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லிவிடலாம்போல் ஆகிவிட்டன.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? எனக்கே ஒரு சீட்டு எழுதினேன். ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன். மருந்துக்கடைக்காரர் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, "யாருக்கு டாக்டர், பாவம்?" என்று கேட்டார். ஒருத்தருக்கு என்றேன், கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு.

அந்தக் கலவையைத் தடவிய பிறகு பேனா பிடிக்க முடியவில்லை. கலவை டாக்டருக்குப் பேனா பிடிக்க முடியாவிட்டால் மூச்சு நின்றதுபோல். ஊரின் மறுகோடியில், என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத தெருவில், ஒரு வயதான டாக்டரம்மாவிடம் போனேன். பெயர்ப்பலகையில் பெயர் பெரிதாகவும் பட்டம் தேடிப் பார்க்கவேண்டிய அளவிலும் இருந்தது. எனக்கு அப்போதே அந்த அம்மாவின் மேல் மரியாதை குறைந்தது. நோயாளிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு எவ்வளவு கடினம் என்று டாக்டர்களுக்கு ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை? பெயர் பதிகிற பெண் என்ன வேலை என்று கேட்டாள். கடையில் என்றேன்.

டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. "ம்ம்ம்" சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் பார்த்து முடித்ததில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

"என்ன தடவினீங்க தம்பி?"

சொன்னேன். ஆரம்பத்தில் தயங்கித்தான் சொன்னேன், போகப் போக எனக்கே குரல் ஏறிவிட்டது. அமிலம், பொடி, யூரியா, தார் என்று நான் அடுக்க அடுக்க அந்த அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார். இரண்டு கை விரலும் தீர்ந்த பிறகு கையை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாவண்டரில் முடித்தேன்.

"எரியுதா?"

"எரியுதும்மா."

"எரிஞ்சா என்ன அர்த்தம் தெரியுமா?"

எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். வாயில் தானாக வந்துவிட்டது. "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இல்ல தம்பி. எரியுதுன்னு அர்த்தம்."

அந்த அம்மா சீட்டு எடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும், வறண்டால் வெறும் வாஸ்லின் கொஞ்சம் பூசலாம், வேறொன்றும் தடவக்கூடாது, அவ்வளவுதான் என்றார். எழுந்தேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு இதை எழுதிக் குடுத்தது?"

"ஒரு டாக்டர்."

"இனிமே அவர்கிட்ட போகாதீங்க."

போகாமல் எப்படி இருப்பது? அவரோடுதான் வீட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது. வழியெல்லாம் அவரை நான் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் பதில் பேசவில்லை. பேசாமல் வருவது அவருக்கு அதுவே முதல் தடவை.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். வாங்கிக் கீழே வைத்தேன்.

"அக்கா, ஆரம்பத்துல உன் கைக்கு என்னதான் ஆச்சு?" வைத்தியம் தொடங்கிய நாளில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலடா. கடையில கை துடைக்கற திரவம் ஒண்ணு மாத்தினாங்க, அதுல கொஞ்சம் வறண்டு இருந்துச்சு. அப்புறம் பழையதையே வாங்கிட்டாங்க. நீ கிளினிக் திறந்துட்டு ஒருத்தரும் வரலன்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தே. சரின்னு கையைக் காட்டினேன்."

"எரிஞ்சப்ப ஏன் சொல்லல?"

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நீதானே சொன்னே?" என்றாள். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "நீ எழுதினதாச்சேடா. நானே தடவலன்னா வேற யாரு தடவுவாங்க?" என்றாள்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு காரியம் நடக்க முடியும். டாக்டர் மனம் கோணக்கூடாது என்று நோயாளி நோயை வளர்த்துக்கொண்டிருந்தாள். நோய் வளர்கிறதே என்று டாக்டராகிய நான் மருந்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் நடுவில் அம்மா கதவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் நிறுத்திடு" என்றேன்.

"சரி. வேற என்ன தடவணும்?"

"ஒண்ணும் வேணாம்."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு ஆன பாடு கொஞ்சமல்ல. பரீட்சையில் வாய்மொழிக் கேள்விக்கு நின்றபோதுகூட நாக்கு இப்படி ஒட்டிக்கொள்ளவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்து, அக்காவின் கையைப் பார்த்து, சுவரில் இருந்த புகைப்படத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லவாடா இத்தனை வருஷம் படிச்சே?"

ஆமாம் அம்மா என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அக்காவின் கை ஆறியது. ஒன்றும் செய்யாமல் ஒரு கை ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல் கொடுமை ஒரு கலவை டாக்டருக்கு வேறு இல்லை. பேனா தானாகப் பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்க்கும். லேசாக ஒரே ஒரு பொடி, சும்மா உலர்த்துவதற்கு என்று மனம் கெஞ்சும். அக்கா கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். திறப்பு விழாவுக்கு அம்மாவோடு நானும் போயிருந்தேன். வாசலுக்கு நேரே, முன்வரிசையில், விளக்குக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தாள். விரலில் ஒரு மோதிரம் போட்டு, கையை லேசாக அந்தத் திருப்புத் திருப்பினாள். வாங்க வந்த தம்பதி மோதிரத்தைத்தான் பார்த்தார்கள். நான் மட்டும் கையைப் பார்த்தேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதெல்லாம் என்னிடம் வருகிற பலருக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அதை ஒரே வரியில் எழுத மட்டும் இன்னும் கை வரவில்லை. காலையில் குளித்ததும் ஒன்றும் தடவாமல் இருக்கவும், மதியம் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை தடவாமல் இருக்கவும், இரவு படுக்கும்போது கீழேயிருந்து மேலாகத் தடவாமல் இருக்கவும் என்று எழுதுகிறேன். ஓரத்தில் செங்குத்தாகக் கையெழுத்துப் போடுகிறேன். அப்பா பஸ்ஸில், "என் மகன் மருந்தே இல்லாம குணப்படுத்தறான். அவனே யோசிச்சுக் கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டு போகிறாராம். மருந்துக்கடைக்காரர் ஸ்டூலை வேறு யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார்.

நீங்கள் இவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சிரியுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அக்காவின் கை சிவந்தது, எரிந்தது என்று நான் எழுதிக்கொண்டே வந்தபோது, உங்கள் மனதில் சத்தமில்லாமல் ஒரு மருந்து ஓடியதா, இல்லையா? கொஞ்சம் கற்றாழை தடவியிருக்கலாமே என்றோ, என் சித்தி ஒரு எண்ணெய் சொல்வாளே என்றோ, அந்த எண்ணெயோடு இன்னும் ஒன்று மட்டும் சேர்த்திருந்தால் என்றோ?

அப்படியென்றால் ஸ்டூலைத் திருப்பிக் கேட்டு வாங்கி வைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். ஆனால் கையை மட்டும் நீட்டாதீர்கள். நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன்.